1986-ஆம் ஆண்டு: உலக நிகழ்வுகளும் மறைவுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஆண்டின் வரலாற்றைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியையோ ஒரு பெயரையோ பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். செர்னோபில் வெடித்தது எந்த மாதம்? ஜே. கிருஷ்ணமூர்த்தி எங்கே காலமானார்? 1986 பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இத்தகைய கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்தவரை விடை எழுதியிருக்கிறேன். தேதி வரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கவில்லை. எதில் சொல்ல நிறைய இருக்கிறதோ அதில் கூடுதலாக நின்றிருக்கிறேன்.

இத்தனை ஆண்டுகள் இருக்க, 1986-க்கு என்ன தனிச்சிறப்பு?

ஐக்கிய நாடுகள் சபை 1986-ஐ சர்வதேச அமைதி ஆண்டாக அறிவித்திருந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஜனவரி முடிவதற்குள் ஒரு விண்கலம் சிதறியது. பிப்ரவரியில் இரண்டு சர்வாதிகாரிகள் நாட்டை விட்டு ஓடினார்கள், ஒரு பிரதமர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரலில், சோவியத் உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையம்.

இந்த ஆண்டின் பெரிய விபத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஆபத்தை முன்பே அறிந்த ஒருவர் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருந்திருக்கிறார். அவர் சொன்னது மேலே போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் ஒதுக்கப்பட்டது. கீழே உள்ள விடைகளில் பல இந்தக் கோணத்திலிருந்து எழுதப்பட்டவை.

சேலஞ்சர் விண்கலம் ஏன் வெடித்தது?

‘வெடித்தது’ என்று எல்லோரும் சொல்கிறோம். சரியாகச் சொன்னால், அது காற்றின் விசையால் பிய்ந்து சிதறியது. ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில் இருந்து கிளம்பிய 73-ஆவது விநாடியில், சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் அது நடந்தது. வலப்பக்கத் திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பு ஒன்றில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, இடைவெளியை அடைக்கத் தவறின. அதன் வழியே பீறிட்ட தீ பெரிய எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. வானத்தில் தெரிந்த பெரும் புகை மண்டலம் அந்தத் தொட்டியின் எரிபொருள்தான். விண்வெளி வீரர்கள் இருந்த அறை அப்போதும் உடையாமல் தனியே பிரிந்து, இரண்டு நிமிடங்களுக்கு மேல் விழுந்து, கடலில் மோதியது.

ரப்பர் குளிரில் விறைக்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி, விபத்துக்கு ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில், இந்த இணைப்பு உயிர்ச்சேதத்தில் கொண்டுபோய் விடும் என்று தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். ஏவுவதற்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 12 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பநிலையில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பு அதை விரும்பவில்லை. நிறுவனத்தின் நிர்வாகிகள் தங்களுக்குள் தனியே பேசிவிட்டு வந்து, ஏவலாம் என்றார்கள். மறுநாள் காலை ஏவுதளத்தில் பனிக்கட்டிகள் தொங்கின. ஏவிய நேரத்து வெப்பநிலை சுமார் 2 டிகிரிதான்.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்தி, பனிநீர்க் கோப்பையில் போட்டு எடுத்துக் காட்டினார். இடுக்கியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. ஆயிரம் பக்க அறிக்கை சொல்லாததை அந்தக் கோப்பை சொல்லிவிட்டது. நாசா நிர்வாகிகள் விபத்து வாய்ப்பை லட்சத்தில் ஒன்று என்று மதிப்பிட்டிருந்தார்கள் என்பதையும், பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் கருதினார்கள் என்பதையும் அவர் தன் பின்னிணைப்பில் எழுதினார்.

அதில் இறந்தவர்கள் யார்?

பிரான்சிஸ் ஸ்கோபி, மைக்கேல் ஸ்மித், ஜூடித் ரெஸ்னிக், எல்லிசன் ஒனிசுகா, ரொனால்ட் மெக்நேர், கிரிகோரி ஜார்விஸ், கிறிஸ்டா மெக்காலிஃப். ஏழாமவர் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் கான்கார்டு நகரப் பள்ளி ஆசிரியை. விண்வெளியில் இருந்து பாடம் நடத்துவதற்காக, 11,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பதாரர்களில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதனாலேயே அமெரிக்கா முழுதும் வகுப்பறைகளில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் செய்திருந்தார்கள். ஆசிரியர் ஒருவர் போகிறார் என்று கைதட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதை நேரலையில் பார்த்தார்கள். இந்த ஆண்டின் காட்சிகளில் என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்க முடியாதது இதுதான்.

செர்னோபிலில் அன்றிரவு என்ன சோதனை நடந்தது?

மின்சாரம் தடைப்பட்டால், டீசல் ஜெனரேட்டர்கள் முழு வேகம் பிடிக்கும்வரை, சுழன்றுகொண்டிருக்கும் டர்பைனின் மிச்ச வேகத்தைக் கொண்டே குளிர்நீர்ப் பம்புகளை ஓட்ட முடியுமா என்று பார்க்கும் பாதுகாப்புச் சோதனை. பாதுகாப்புக்காகச் செய்த சோதனையிலேயே, ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு, நான்காவது அணுவுலை வெடித்தது.

பணியில் இருந்தவர்கள் விதிகளை மீறினார்கள் என்பது உண்மை. உலையை மிகக் குறைந்த திறனில், நிலையற்ற கட்டத்தில் ஓட்டினார்கள். ஆனால் முழுப் பழியையும் அவர்கள் தலையில் போட்டுவிட முடியாது. உலையை நிறுத்துவதற்காக உள்ளே இறக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் முனை கிராஃபைட்டால் ஆனது. இறங்கத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் அவை அணுவினையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். இந்தக் குறை 1983-லேயே லித்துவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் தெரிந்துவிட்டது. வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். செர்னோபிலின் கட்டுப்பாட்டு அறையில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

செர்னோபிலில் எத்தனை பேர் இறந்தார்கள்? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

அந்த எண்கள் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அதனால்தான் குழப்பம்.

வெடிப்பின் காரணமாகவே உடனடியாக இறந்தவர்கள் 2 ஊழியர்கள். கடும் கதிர்வீச்சு நோயால் அடுத்த சில வாரங்களில், மாதங்களில் இறந்தவர்கள் 28 பேர். இவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள். எதை அணைக்கிறோம் என்று தெரியாமலேயே கூரைமேல் ஏறியவர்கள்.

4,000 என்ற எண் 2005-இல் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட மதிப்பீடு. மிக அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களில் காலப்போக்கில் புற்றுநோயால் இறக்கக்கூடியவர்களின் உச்ச எண்ணிக்கை அது. கல்லறைகளை எண்ணிச் சொன்னதல்ல, கணக்குப் போட்டுப் பெற்றது. ஐரோப்பா முழுமையையும் கணக்கில் எடுத்தவர்கள் இதைவிடப் பெரிய எண்களைச் சொல்கிறார்கள். அவையும் மதிப்பீடுகளே.

ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய். கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டுக்குப் போய், பாலின் வழியே பிள்ளைகளை அடைந்தது. அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த நோய் வந்தது. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தார்கள். அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள் என்று முதல் நாளே ஊர் ஊராகச் சொல்லியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

அணுமின் நிலைய ஊழியர்கள் வாழ்ந்த பிரிப்யாட் நகரத்தில் சுமார் 49,000 பேர் இருந்தார்கள். வெடிப்பு நடந்த சனிக்கிழமை முழுவதும் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பிற்பகலில்தான் பேருந்துகள் வந்தன. மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். யாரும் திரும்பிக் குடியேறவில்லை.

வெளியுலகுக்குத் தெரியவந்தது ஸ்வீடன் வழியாக. ஏப்ரல் 28 காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஓர் ஊழியரின் காலணியில் ஒட்டியிருந்த கதிரியக்கத்தால் எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. தங்கள் நிலையத்தில்தான் கசிவோ என்று முதலில் பதறினார்கள். பிறகு காற்று வந்த திசையைப் பார்த்தார்கள். அன்று இரவு சோவியத் தொலைக்காட்சி சில வாக்கியங்களில் விபத்தை ஒப்புக்கொண்டது. கீவ் நகரில் மே தின ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மக்களிடம் இதுபற்றித் தொலைக்காட்சியில் பேசியது மே 14 அன்று, பதினெட்டு நாட்களுக்குப் பிறகு.

இதன் விளைவாக, அணு விபத்து நடந்தால் உடனே பிற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் அதே ஆண்டு செப்டம்பரில் வியன்னாவில் உருவாகி, அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இத்தனை வேகத்தில் நிறைவேறுவது அரிது.

ஓர் ஏரி 1,700 பேரைக் கொன்றது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆகஸ்ட் 21 இரவு, கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி. எரிமலை வாயில் அமைந்த அந்த ஏரியின் அடியாழத்தில், பூமிக்கு அடியில் இருந்து வரும் கார்பன் டையாக்சைடு வாயு நீரில் கரைந்து, அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தது. ஏதோ ஒரு அசைவில் அது மொத்தமாகப் பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தாக்குகள் வழியே நிலத்தை ஒட்டி வழிந்து, 25 கிலோமீட்டர் தொலைவு வரையிலான ஊர்களை மூடியது. சுமார் 1,746 மனிதர்களும் 3,500 கால்நடைகளும் மூச்சுத் திணறி மடிந்தார்கள். வீடுகள் அப்படியே நின்றன. பொருட்கள் எதுவும் அழியவில்லை.

இரண்டாண்டுக்கு முன், 1984 ஆகஸ்டில், அதே நாட்டின் மோனூன் ஏரியில் இதேபோல் 37 பேர் இறந்திருந்தார்கள். அது என்னவென்று உலகம் புரிந்துகொள்வதற்குள் நியோஸ் நிகழ்ந்துவிட்டது. 2001-இல் ஏரியின் அடிவரை நிரந்தரக் குழாய் ஒன்றை இறக்கி, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றத் தொடங்கினார்கள். அந்தக் குழாயில் இருந்து நீர் தானாகவே ஊற்றாகப் பீய்ச்சி எழும். அடைபட்ட வாயுவின் அழுத்தமே அதற்குப் போதும்.

ரைன் நதி சிவப்பானது எப்போது?

நவம்பர் 1 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் பூச்சிக்கொல்லிகளையும் சிவப்புச் சாயத்தையும் அடித்துக்கொண்டு நதியில் கலந்தது. கீழ்நோக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. மறு ஆண்டே நதியோர நாடுகள் கூடி, சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைத்துத் தூய்மைத் திட்டம் வகுத்தன.

அந்த ஆண்டில் வீழ்ந்த சர்வாதிகாரிகள் யார்?

பிப்ரவரி 7 அன்று ஹெய்ட்டியில் இருந்து ஜான்-குளோட் துவாலியே பிரான்ஸுக்கு ஓடினார். தந்தையும் மகனுமாக 1957 முதல் நடத்திய ஆட்சி அத்துடன் முடிந்தது.

அதே பிப்ரவரி 7 அன்று பிலிப்பைன்ஸில் தேர்தல். இருபது ஆண்டுகளாக அதிபராக இருந்த ஃபெர்டினாண்ட் மார்க்கோஸை எதிர்த்து நின்றவர், 1983-இல் மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோவின் மனைவி கோரசோன். வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்த இரவில், தேர்தல் ஆணையத்தின் கணினிகளை இயக்கிய முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் பெண்கள், எழுந்து வெளியே நடந்தார்கள். தாங்கள் கணினியில் பார்க்கும் எண்களும் வெளியே பலகையில் ஏறும் எண்களும் பொருந்தவில்லை என்பதே காரணம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே செய்தார்கள். அச்சத்தில் ஒரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள்.

இந்த ஆண்டின் நாயகர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் இவர்களைத்தான் சொல்வேன். தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார்கள், அதுவும் நேரத்தில் சொன்னார்கள். பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு அமைச்சரும் படைத் தளபதி ஒருவரும் மார்க்கோஸைக் கைவிட்டார்கள். மணிலா பேராயர் கர்தினால் சின் வானொலியில் அழைத்ததும் எட்சா பெருஞ்சாலையில் லட்சக்கணக்கானோர் திரண்டு டாங்கிகளுக்கு முன் ஜெபமாலையோடு அமர்ந்தார்கள். 25-ஆம் தேதி மார்க்கோஸ் ஹவாய்க்குப் பறந்தார்.

ஓலோஃப் பால்மேயைக் கொன்றது யார்?

ஸ்வீடன் பிரதமர் பால்மே பிப்ரவரி 28 இரவு மனைவி லிஸ்பெத்துடன் திரைப்படம் பார்த்துவிட்டு, மெய்க்காவலர் இல்லாமல் ஸ்டாக்ஹோம் தெருவில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது சுடப்பட்டார். 1989-இல் ஒருவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அதே ஆண்டு மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். 2020-இல் அரசு வழக்குரைஞர், ஏற்கெனவே இறந்துபோன வேறொருவர் மீது சந்தேகத்தைச் சுட்டிக்காட்டி விசாரணையை முடித்தார். நீதிமன்றத்தில் நிலைத்து நின்ற தீர்ப்பு எதுவும் இந்தக் கொலை வழக்கில் இல்லை.

பதவியில் இருக்கும்போதே இறந்த வேறு தலைவர்கள்?

மொசாம்பிக் அதிபர் சமோரா மஷேல். அக்டோபர் 19 இரவு அவருடைய விமானம் தென்னாப்பிரிக்க எல்லைக்குள் ம்புசினி மலைப்பகுதியில் மோதியது. விமானத்தில் இருந்த 44 பேரில் 34 பேர் இறந்தார்கள். விமானியின் தவறா, அன்றைய நிறவெறி அரசின் சதியா என்ற வாதம் ஓயவில்லை. அவர் மனைவி கிராசா மஷேல் பின்னாளில் நெல்சன் மண்டேலாவை மணந்தார்.

வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லெ சுவான் ஜூலையில் காலமானார். அந்த டிசம்பரிலேயே கட்சி மாநாடு ‘தோய் மோய்’ எனும் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது.

கனடாக் கடலில் தமிழர்கள் மீட்கப்பட்டது இந்த ஆண்டில்தானா?

ஆம். ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால், மூடுபனி சூழ்ந்த அட்லாண்டிக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு, மற்றப் படகுகளையும் அழைத்துக் கரைசேர்த்தார். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறியவர்களின் கதையில் இது ஒரு மறக்க முடியாத அத்தியாயம்.

தாங்கள் இந்தியாவில் இருந்து கப்பலில் வந்ததாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் இருந்து கிளம்பியவர்கள் என்பது பிறகு தெரிந்ததும் கனடாவில் கோபக் குரல்கள் எழுந்தன. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு மனிதனை என்னவெல்லாம் சொல்ல வைக்கும் என்பதை, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்களின் இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கவும் வேலை செய்யவும் அனுமதி தந்தது.

பனிப்போரில் அந்த ஆண்டு என்ன நடந்தது?

அக்டோபர் 11, 12 தேதிகளில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் அமெரிக்க அதிபர் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்தார்கள். அணு ஆயுதங்களை முற்றாக ஒழிப்பது பற்றியே பேசும் அளவுக்கு நெருங்கி, அமெரிக்காவின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் முட்டிக்கொண்டு, வெறுங்கையோடு பிரிந்தார்கள். அங்கே பேசியதன் ஒரு பகுதி 1987 டிசம்பரில் நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தமாகக் கனிந்தது.

அதைவிட என்னைத் தொடுவது டிசம்பரில் நடந்த இரண்டு நிகழ்வுகள். சோவியத் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்கக் கோரி நீண்ட உண்ணாவிரதம் இருந்த அனடோலி மார்ச்சென்கோ, டிசம்பர் 8 அன்று சிஸ்தபோல் சிறையில் 48 வயதில் இறந்தார். ஒரு வாரம் கழித்து, கார்க்கி நகரில் நாடு கடத்தப்பட்டவரைப் போல் அடைத்து வைக்கப்பட்டிருந்த அறிவியலாளர் ஆந்திரே சகாரவின் வீட்டுக்குத் திடீரென்று தொலைபேசி இணைப்பு கொடுத்தார்கள். மறுநாள் அதில் அழைத்தவர் கோர்பச்சேவ். மாஸ்கோ திரும்பலாம் என்றார். அந்த உரையாடலிலேயே சகாரவ் மார்ச்சென்கோவின் மரணத்தைப் பற்றிப் பேசி, மற்றக் கைதிகளையும் விடுவிக்கும்படி கேட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கைதிகள் வெளியே வரத் தொடங்கினார்கள். மார்ச்சென்கோ அதைப் பார்க்கவில்லை.

ஜே. கிருஷ்ணமூர்த்தியும் ருக்மிணி தேவியும் ஒரே ஆண்டில் மறைந்தார்களா?

ஒரே ஆண்டில் மட்டுமல்ல, ஒரு வார இடைவெளியில். கிருஷ்ணமூர்த்தி பிப்ரவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஒஹாய் நகரில், 90 வயதில். ருக்மிணி தேவி அருண்டேல் பிப்ரவரி 24 அன்று சென்னையில், 82 வயதை எட்டச் சில நாட்கள் இருக்கையில்.

இருவருடைய வாழ்வும் அடையாறு பிரம்மஞான சபையில் முளைத்தது. உலகாசிரியர் என்று அறிவிக்கப்பட்டு வளர்க்கப்பட்ட கிருஷ்ணமூர்த்தி, தமக்காக உருவாக்கப்பட்ட அமைப்பை 1929-இல் நெதர்லாந்தின் ஓமனில் தாமே கலைத்தார். தம்மைக் குருவாக ஏற்காதீர்கள் என்று வாழ்நாள் முழுதும் பேசினார். அவருடைய கடைசிப் பொதுப்பேச்சு 1986 ஜனவரி 4 அன்று சென்னை வசந்த விகாரில் நடந்தது. நோயுற்றிருந்த உடலோடுதான் பேசினார்.

ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா அந்த ஆண்டில் ஐம்பது ஆண்டை எட்டியிருந்தது. பரதநாட்டியத்தை அவர் புதுப்பித்த விதம் குறித்து, அந்தக் கலையைக் காத்து வந்த மரபுக் குடும்பங்களின் தரப்பிலிருந்து நியாயமான கேள்விகள் எழுந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும். ஆனால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வர அவர் மாநிலங்களவையில் பாடுபட்டதும், 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்ததும் அதிகம் பேசப்படாமல் போய்விட்டன.

எழுத்தாளர்கள், கலைஞர்களில் மறைந்தவர்கள்?

சிமோன் த பொவ்வார் ஏப்ரல் 14, ழான் ஜெனே மறுநாள் ஏப்ரல் 15. இருவரும் பாரிஸில். ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் ஜூன் 14 அன்று ஜெனீவாவில், 86 வயதில். பார்வை மங்கிப்போன காலத்தில் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டவர் அவர். சீன எழுத்தாளர் திங் லிங், அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் ஆகியோர் மார்ச் மாதம், சிற்பி ஹென்றி மூர் ஆகஸ்டில். நடிகர் கேரி கிராண்ட் நவம்பரில். நடிகை ஸ்மிதா பாட்டீல் டிசம்பர் 13 அன்று, மகன் பிறந்த இரண்டு வாரங்களில், 31 வயதில். திரைப்பட இயக்குநர் ஆந்திரே தார்கோவ்ஸ்கி டிசம்பர் 29 அன்று பாரிஸில், 54 வயதில், தாய்நாட்டுக்குத் திரும்பாமலேயே.

டென்சிங் நார்கே மறைந்ததும் இதே ஆண்டா?

ஆம், மே 9, டார்ஜிலிங்கில். அவர் மறைந்த ஆண்டிலேயே, அக்டோபர் 16 அன்று, ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் லோட்சே சிகரத்தை எட்டி, 8,000 மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களிலும் ஏறிய முதல் மனிதர் ஆனார். எதிலும் ஆக்சிஜன் உருளையைப் பயன்படுத்தவில்லை. அதே கோடையில் கே2 மலையில் 13 பேர் உயிரிழந்தார்கள்.

நீரஜா பனோட் சம்பவம்?

செப்டம்பர் 5. மும்பையில் இருந்து நியூயார்க் செல்லும் வழியில் கராச்சியில் நின்ற பான் ஆம் 73 விமானத்தை ஆயுததாரிகள் கைப்பற்றினார்கள். தலைமைப் பணிப்பெண்ணான நீரஜா உடனே விமானிகளுக்குச் சைகை கொடுத்ததால் அவர்கள் வெளியேறினார்கள், விமானம் தரையிலேயே நின்றது. அமெரிக்கப் பயணிகளை அடையாளம் காண முடியாதபடி அவரும் சக ஊழியர்களும் கடவுச்சீட்டுகளை மறைத்தார்கள். இரவில் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது கதவைத் திறந்து பிறரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தவர் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் அவருக்கு 23 வயது ஆகியிருக்கும். இந்தியா அசோகச் சக்கரம் வழங்கியது.

விளையாட்டில் மறக்க முடியாதவை?

ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா ஒரு கோலைக் கையால் தட்டிவிட்டுப் போட்டார். நான்கு நிமிடம் கழித்துப் பாதி மைதானத்தையும் கடந்து ஓடி இன்னொன்று போட்டார். ஒரே மனிதரிடம் இரண்டும். அர்ஜென்டினா இறுதியில் மேற்கு ஜெர்மனியை 3–2 என்று வென்றது.

செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனபோது இந்தியா 347. டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு இரண்டாவது ‘டை’. மூன்றாவது இன்னும் நிகழவில்லை. அந்த ஆட்டத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் குவித்த டீன் ஜோன்ஸ் பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

சோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வென்ற 5 தங்கங்களில் 4-இல் பி.டி. உஷா இருந்தார்: 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம். ஐந்தாவது மல்யுத்தத்தில் கர்தார் சிங்குக்கு. எடின்பரோ காமன்வெல்த் போட்டியை, நிறவெறி அரசுடன் பிரிட்டன் காட்டிய தாராளத்தைக் கண்டித்து, 32 நாடுகள் புறக்கணித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று.

நோபல் பரிசுகள்?

இலக்கியத்துக்கு வோலே சோயிங்கா, அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க எழுத்தாளர். அமைதிக்கு எலி வீசல். மருத்துவத்தில் ஸ்டான்லி கோஹனோடு பகிர்ந்துகொண்ட ரீட்டா லெவி-மொண்டால்சினியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் இருந்து விலக்கப்பட்டு, போர்க்காலத்தில் தம் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்து, கோழிமுட்டைக் கருக்களை ஆராய்ந்தவர். 103 வயது வரை வாழ்ந்தார்.

எச்சரிக்கையைக் கேட்டு நடந்ததற்கு அந்த ஆண்டில் உதாரணமே இல்லையா?

இருக்கிறது. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் படலம் மெலிகிறது என்று பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1985-இல் வெளியிட்டார்கள். 1986-இல் சூசன் சாலமன் தலைமையில் ஒரு குழு தென்துருவக் குளிர்காலத்தின் இறுதியில் அங்கே போய் அளந்து, குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் அன்று இருந்த குளோரோஃப்ளூரோகார்பன்களே காரணம் என்பதற்குச் சான்றுகளோடு திரும்பியது. 1987 செப்டம்பரில் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓசோன் படலம் மெல்ல மீண்டுவருகிறது.

1986-இல் தொடங்கி இன்னும் முடியாதவை எவை?

ஜனவரி 24 அன்று யுரேனஸைக் கடந்து, பத்துப் புதிய நிலவுகளைக் காட்டிய வாயேஜர் 2-க்குப் பின் வேறெந்த விண்கலமும் அந்தக் கோளுக்குப் போகவில்லை. செர்னோபிலின் நான்காவது உலைமீது 1986 நவம்பரில் அவசரமாகக் கட்டி முடித்த கான்கிரீட் மூடி பழுதடைந்ததால், 2016-இல் அதன்மேல் மாபெரும் எஃகு வளைவு ஒன்றை நகர்த்தி மூடினார்கள். உள்ளே உருகி உறைந்த எரிபொருளை எடுக்கும் வேலை இன்னும் மிச்சம்.

ஹேலி வால்மீன் 1986 பிப்ரவரி 9 அன்று சூரியனை நெருங்கியபோது பூமி மறுபக்கம் இருந்ததால், கண்ணுக்குச் சரியாகத் தென்படவில்லை. காத்திருந்த பலர் ஏமாந்தார்கள். ஜோட்டோ விண்கலம் மட்டும் மார்ச்சில் 600 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் சென்று, நிலக்கரிபோல் கறுத்த அதன் கருவைப் படம் எடுத்தது. 2023 டிசம்பரில் அந்த வால்மீன் சூரியனில் இருந்து மிகத் தொலைவான புள்ளியைத் தொட்டுத் திரும்பிவிட்டது. இப்போது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 2061-இல் வரும்.